ராத்திரி பஸ்ஸுக்கு யார் காசு போடுவது?

பல்லடத்துக்காரன்:
திருப்பூர் 2009இல் தனி மாவட்டமானது. பனியன் கம்பெனிகள் பல்லடம் ரோடு நெடுகப் பெருகிவிட்டன, பஸ்தான் பெருகவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து என் தங்கச்சி, டிபன் டப்பாவை மடியில் இடுக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஆறாவது ஆளாகத் தொத்தி வருகிறாள். ராத்திரி பஸ் விடச் சொல்லிக் கேட்டால் நஷ்டம் என்கிறார்கள். அதை யார் ஈடுகட்டுவது?

அவினாசி வாசகர்:
2021 மே முதல் சாதாக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைங்க. அந்தப் பணத்தை அரசுதான் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. ராத்திரி நடைக்கும் அப்படிக் கேளுங்கண்ணா.

காங்கேயத்துக்காரர்:
கம்பெனிகளும் பங்கு போடட்டும். வேன் வாடகைக்குக் காசு கொடுக்கிறார்களே!

பல்லடத்துக்காரன்:
சரிங்க. ஆனால் எங்கள் முதலாளி டீக்கே கணக்குப் பார்ப்பவர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வருகிறேன்.