பழநிக்கு நடந்தால் கிளிமஞ்சாரோவுக்குப் போதுமா?

பள்ளத்தூரான்: நேற்று இங்கே ஒருவர், "குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குப் பழநி நடக்கிறவனுக்குக் கிளிமஞ்சாரோ ஏறத் தனிப் பயிற்சி எதற்கு" என்று எழுதியிருக்கிறார், அதற்கு இத்தனை பேர் கைதட்டல் வேறு. அந்த மலை 5,895 மீட்டர் ஐயா. பழநிக்கு நடக்கிற நத்தம் ரோட்டில் ஏற்றம் எங்கே இருக்கிறது?

தேவகோட்டைத் தம்பி: எழுதியது நான்தான் அண்ணே, பெயர் சொல்லியே கேட்கலாம். காவடியோடு வெறுங்காலில் நாள்கணக்கில் நடந்து, திரும்பியும் நடந்தே வருகிற நம் நகரத்தாருக்கு (செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு) இல்லாத தெம்பு, ஏசி ஜிம்மில் ட்ரெட்மில் ஓடுகிறவருக்கு வந்துவிடுமா?

பள்ளத்தூரான்: தெம்பைப் பற்றி யார் கேட்டார்கள்? ஏற்றம் எங்கே என்றேன். கடைசி இரவு பராஃபு முகாமிலிருந்து உச்சிக்கு 1,200 மீட்டருக்கு மேல் ஒரே ஏற்றம், அதுவும் நள்ளிரவுக் குளிரில். பழநி மலைப் படி முழுக்க ஏறினாலும் 150 மீட்டர் தேறினால் அதிகம். முதுகில் 10 கிலோ பையை மாட்டிக்கொண்டு வாராவாரம் பிரான்மலை ஏறி இறங்குங்கள், அப்புறம் பேசலாம். இறங்குவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தொடைக்கு உண்மையான அடி இறக்கத்தில்தான், தார் ரோட்டில் எத்தனை நாள் நடந்தாலும் அது பழகாது.

செக்காலை: அண்ணே, ஷூ எப்போது வாங்குவது?

ஆத்தங்குடி ஆச்சி: இப்போதே வாங்கிப் போட்டு நடங்கள் தம்பி, புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள். தொடை சண்டை இருக்கட்டும், உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். காரைக்குடியில் எத்தனை மாதம் ஏறி இறங்கினாலும் உடம்பு அதற்குப் பழகாது, அங்கே போய் மெதுவாக ஏறித்தான் பழக்க வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டினால் படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். நல்ல பயிற்சி எடுத்த இளவட்டங்களும்தான் வேகமாக ஏறித் தலைவலி, வாந்தி என்று பாதியில் இறங்குகிறார்கள்.

தேவகோட்டைத் தம்பி: கேட்டீர்களா அண்ணே? அப்படியானால் உங்கள் பிரான்மலையும் வீண்தானே, அது வெறும் 2,500 அடி!

பள்ளத்தூரான்: ஆச்சி சொல்வது மூச்சு, நான் கேட்பது கால். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். பாதயாத்திரையில் ஏற்றம் எங்கே, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தம்பி: ஏற்றம் ஏற்றம் என்கிறவர் போன வருடம் எங்களைப் பிரான்மலை அடிவாரத்தில் காலை முழுக்கக் காக்க வைத்தாரே, அந்த ஏற்றம் எங்கே போனது? வயிற்றுவலியா, பயமா?

செக்காலை: அட, அந்த விஷயம் இன்னும் முடியவில்லையா?

பள்ளத்தூரான்: முடியாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற நாள். முதல் நாளே குழுவில் போட்டேன், நீங்கள் பார்க்காததற்கு நானா பொறுப்பு?

தேவகோட்டைத் தம்பி: படைப்பு வெள்ளிக்கிழமை. நாங்கள் காத்திருந்தது ஞாயிற்றுக்கிழமை.

ஆத்தங்குடி ஆச்சி: நானும் காத்திருந்தேன்.

பள்ளத்தூரான்: படைப்புக்காக வளவு (வீட்டு முற்றம்) நிறைய இறக்கிப்போட்ட பாத்திரத்தை எல்லாம் யார் எண்ணி உள்ளே வைப்பது, தேவகோட்டையிலிருந்து நீங்கள் வந்து வைப்பீர்களா?