கார்ட்டூன் பேட்மேன் சூப்பர்ஹீரோ கணக்குல வருமா வராதா?

பரிசல்காரன்_பென்னாகரம்:
சூப்பர்ஹீரோ கதையில டிவி கார்ட்டூன் பெருசா சினிமா பெருசான்னு தர்மபுரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஆரம்பிச்ச சண்டை, பஸ் வந்துட்டதால பாதியில நின்னுச்சி, இங்க முடிச்சிக்கலாம். சூப்பர்ஹீரோன்னாலே எல்லாரும் 2008 அயர்ன் மேன் படத்துல இருந்துதான் பேச ஆரம்பிக்கிறாங்க. 1992ல வந்த பேட்மேன் கார்ட்டூன் சீரியல் இல்லன்னா பாதி கேரக்டர் இன்னிக்கி இப்படி இருந்திருக்காது. ஹார்லி குயின் பொறந்ததே அதுலதான், காமிக்ஸ்ல இல்ல. பேட்மேனோட வில்லன் ஜோக்கருக்கு ஒரு கையாள் வேணும்னு அந்த சீரியல் பண்ணுன பால் டினியும் புரூஸ் டிம்மும் உண்டாக்குன பொண்ணு, அடுத்த வருசம்தான் காமிக்ஸுக்கே போச்சி, 2016ல சூசைட் ஸ்குவாட் படத்துல மார்கோ ராபி நடிச்சதும் உலகமே அந்த வேஷம் கட்டுது.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
ஒரே ஒரு ஹார்லிய வச்சிக்கினு எத்தன வருசம் ஓட்டுவீங்கண்ணா. அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் படம் தமிழ்ல வந்தப்ப அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் ஒட்டலன்னு திட்டிக்கினே போய் டிக்கெட் எடுத்து பாத்தோம். உங்க கார்ட்டூன எவனாவது திட்டுனானா? திட்றதுக்காவது ஆள் வேணும்ல.
அப்புறம் 1994 ஸ்பைடர்மேன் கார்ட்டூன்ல மோர்பியஸ்னு ஒரு ரத்தக்காட்டேரி வருவான், ஆனா ரத்தம்னு வாய தொறந்து சொல்ல மாட்டான், பிளாஸ்மா பிளாஸ்மான்னுவான், கடிக்கவும் மாட்டான், உள்ளங்கைய வச்சி உறிஞ்சுவான். சின்ன பசங்க பாக்குறாங்கன்னு பயந்து பயந்து எடுத்தத போய் பெரிய கலைன்றீங்க.

பரிசல்காரன்_பென்னாகரம்:
மோர்பியஸ் காமெடிதான், அதுக்கு நான் வக்காலத்து வாங்கல தம்பி. ஆனா அதே கட்டுப்பாடு பேட்மேனுக்கும் இருந்துச்சி, ரத்தம் காட்டக்கூடாதுன்றதால அவங்க மனசுல கைய வச்சாங்க. மிஸ்டர் ஃப்ரீஸ்னு ஒருத்தன், அதுக்கு முன்ன வெறும் ஐஸ் துப்பாக்கி வில்லன். "ஹார்ட் ஆஃப் ஐஸ்" எபிசோடுல நோய்க்கார பொண்டாட்டிய உறைய வச்சி காப்பாத்த பாத்தவன்னு மாத்திட்டாங்க. கடைசியில ஜெயில்ல ஒரு கண்ணாடி உருண்டைய கையில வச்சிக்கினு உக்காந்திருப்பான், உள்ள ஒரு சின்ன பொம்ம பொண்ணு சுத்தி சுத்தி ஆடும். அவ்ளோதான். அதுக்கப்புறம் காமிக்ஸ்லயும் சினிமாவுலயும் அந்த பொண்டாட்டி கததான்.
படம் போட்ட விதத்தையும் பாரு, பின்னாடி வர ஊர கருப்பு பேப்பர்லதான் வரைஞ்சாங்க, இருட்ட வரைய வேண்டியதே இல்ல, வெளிச்சத்த மட்டும் வரைஞ்சா போதும்.

பாலக்கோடு_தக்காளி:
அண்ணனுங்களா நடுவுல வரேன். சூப்பர்மேன் மொதல்ல பறக்கவே மாட்டான், காமிக்ஸ்ல தாவத்தான் செய்வான். 1941ல ஃப்ளைஷர் ஸ்டுடியோ கார்ட்டூன் பண்ணப்ப தாவுறதும் இறங்குறதும் பாக்க நல்லால்லன்னு பறக்க விட்டாங்க. வரையறவன் கைதான் ஹீரோவுக்கு ரெக்கை.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
தக்காளி, அது சினிமா தியேட்டர்ல ஓடுன குட்டிப்படம்டா, டிவி இல்ல. நாம பேசறது டிவி சீரியல பத்தி. உன் வாதம் எனக்குத்தான் சாதகம்.
அது சரி, வரைஞ்ச மூஞ்சில எப்படி சார் நடிப்பு வரும்? ஆள் வியர்க்கணும், கண்ணு கலங்கணும்.

பரிசல்காரன்_பென்னாகரம்:
எங்க ஊரு பக்கம் பாரதக் கூத்து பாத்திருக்கியா? பதினெட்டாம் நாள் படுகளத்துல துரியோதனன் படுத்திருப்பான், முழுக்க மண்ணுல பண்ண உடம்பு, முந்தின நாள் நாங்கதான் கூடையில மண்ணு சுமந்து போட்டோம். எங்க ஆயாவும்தான் தண்ணி ஊத்துச்சி. அடுத்த நாள் பீமன் தொடையில அடிச்சதும் அதே ஆயா மாருல அடிச்சிக்கினு அழுவுது. மண்ணு வியர்த்துச்சா? அந்த கார்ட்டூன்ல பேட்மேனுக்கு கெவின் கான்ராய் குரல் குடுத்தாரு, 2022ல செத்துட்டாரு, எனக்கு இப்பவும் பேட்மேன்னா மொதல்ல காதுல விழுறது அவரு குரல்தான், மூஞ்சி அப்புறம்தான்.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
கூத்த இழுத்துட்டீங்க, இதுக்கு பதில் சொன்னா சாமி குத்தம் ஆயிடும்.
சரி, நேத்து ராத்திரி அந்த ஐஸ் எபிசோட பையனோட உக்காந்து பாத்தேன். கத நல்லாத்தான் இருக்குது. ஆனா பையன் இங்கிலீஷ் புரியலன்னு பத்து நிமிசத்துல எழுந்து போயி தமிழ்ல வேற ஏதோ போட்டுட்டான். சின்ன பசங்களுக்குன்னு எடுத்தத கடைசி வரைக்கும் நான்தான் தனியா உக்காந்து பாத்தேன்ணா, இத எந்த கணக்குல எழுதுவீங்க?

பாலக்கோடு_தக்காளி:
ஜோக்கர் வர எபிசோடு போட்டு விடுண்ணா, ஜோக்கருக்கு குரல் குடுத்த மார்க் ஹாமில் சிரிப்புக்கு இங்கிலீஷ் தேவையில்ல.