ஈடு: வீரருக்கும் மந்திரவாதிக்கும் நடுவே ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களில் வீரர் வகுப்பும் மந்திரவாதி வகுப்பும் (வகுப்பு என்பது ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திர வகை) ஒன்றையொன்று விழுங்கிவிடாதபடி விதிகளை அமைக்கிறார்கள். அப்படிக் காக்கப்படும் தன்மைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: சமன்பாடு, நிகர்மை, சமநிலை. மூன்றையும் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் விதிப்பகுதிகளில் பொருத்திப் பார்த்தேன். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. நான் முன்வைப்பது 'ஈடு'.

சமன்பாட்டைக் கணக்குப் பாடநூல் எடுத்துக்கொண்டுவிட்டது. நிகர் நல்ல பழஞ்சொல்; ஆனால் நிகர லாபம், நிகர எடை என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. உண்மையான போட்டி சமநிலைக்கும் ஈட்டுக்கும்தான்.

சமநிலைக்கு ஆதரவாக ஒரு நண்பர் குறளின் 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்ற தொடரை எடுத்துக்காட்டியிருந்தார். அழகான சான்று. என் தயக்கமும் அந்தத் துலாக்கோலிலேயே தொடங்குகிறது. துலாக்கோலின் இரு தட்டிலும் இருப்பது எடை ஒன்றுதான். ஒரே படிக்கல்லால் இரண்டையும் அளக்கலாம். வாள் வீசுகிறவனையும் மந்திரம் ஓதுகிறவனையும் அளக்க அப்படி ஒரு படிக்கல் கிடையாது. ஒருவன் நாள் முழுவதும் களைக்காமல் அடிப்பான். மற்றவன் ஒரே ஒருமுறை கை அசைத்து, மோதலே நடக்காமல் செய்துவிடுவான். இவர்களைச் சமன் என்று சொல்ல எதை எதோடு வைத்து நிறுப்பது?

இந்த ஆட்டங்களின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்றே வகுப்புகள்: போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு. அதற்கு முன் 1971இல் வந்த பொம்மைப்படைப் போர் விதிகளில் மந்திரவாதி ஏறக்குறைய ஒரு பீரங்கி. நெருப்புருண்டையை எறிய களத்தில் நிற்கும் ஆயுதம். பீரங்கியைக் காக்கக் காலாட்படை வேண்டும், பீரங்கி இல்லாமல் காலாட்படை அழியும். இருவரும் சமமா என்று அங்கே யாரும் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஒருவர் குறையை மற்றவர் அடைத்தால் போதும்.

அதே ஆட்டத்தின் 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் இந்த எண்ணம் எண்களாகவே தெரிகிறது. வீரருக்கு உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண்) உருட்டப் பத்துமுகப் பகடை, மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடை. மந்திரவாதி கவசம் அணியக் கூடாது. ஓதிக்கொண்டிருக்கும்போது ஓர் அடி விழுந்தால் மந்திரம் பாழ். பாத்திரம் படிப்படியாக உயரும் நிலைகளில் முதல் நிலையில் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம்; அதை ஓதியபின் அவர் குத்துவாளோடு நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிழைத்து மேலே ஏறினால் கதை தலைகீழாகும். ஆனால் அதே ஏட்டில் வீரருக்கும் ஒரு பெரும்பேறு உண்டு: 9ஆம் நிலையில் கோட்டை கட்டிக்கொள்ளலாம், அவரை நாடி ஒரு படையே வந்து சேரும். மந்திரவாதி விண்ணில் பறந்தால் வீரர் மண்ணை ஆண்டார். இதற்குப் பெயர் ஈடு. 'ஈடுகொடுத்தான்' என்று நாம் சொல்லும்போது இருவரும் ஒரே அளவு என்று சொல்வதில்லை. எதிரில் இருப்பவர் முன் தாக்குப்பிடித்தான் என்கிறோம்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் நிலை உயரச் சேர்க்க வேண்டிய அனுபவப்புள்ளிகளுக்கு எல்லா வகுப்புக்கும் ஒரே அட்டவணை வந்தது. அதற்கு முன் மந்திரவாதி இரண்டாம் நிலைக்கு 2,500 புள்ளி சேர்க்க வேண்டும், வீரருக்கு 2,000 போதும். அட்டவணையைச் சமமாக்கியது நியாயம்போலத் தோன்றும். கூடவே ஓதும்போது அடிபட்டாலும் மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு திறன் வந்தது. வீரருக்கே உரியதாக இருந்த கோட்டையும் படையும் வகுப்பிலிருந்து நீங்கின. அதாவது சமநிலையை நோக்கி ஓர் அடி வைத்தார்கள், ஈடு குலைந்தது. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது என்பதைக் கவனியுங்கள்.

நான் அந்தப் பதிப்பில் நெடுங்காலம் ஆட்டம் நடத்தியிருக்கிறேன். 9ஆம் நிலைக் குழு. மலைமேல் ஒரு காவல்கோட்டை. உள்ளே ஒரு கைதி. வீரராக ஆடிய நண்பர் இரண்டு வாரமாகத் திட்டம் தீட்டி வந்திருந்தார்: எந்தப் பக்கம் ஏறுவது, காவலரை எங்கே மறிப்பது என்று தாளில் வரைந்தே வைத்திருந்தார். மந்திரவாதியாக ஆடியவர் கண்ணுக்குத் தெரியாமல் பறந்து போய், ஒரு மந்திரத்தால் பூட்டைத் திறந்து, இன்னொரு மந்திரத்தால் கைதியோடு மறைந்து, குழு நின்ற இடத்துக்கே திரும்பிவிட்டார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. யாரும் விதியை மீறவில்லை, யாரும் தவறாக ஆடவில்லை. வீரர் கையில் பகடை உருட்டப்படாமலே இருந்தது. அவர் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருடைய வாளின் தாக்குதல் எண்கள் மந்திரவாதியின் எண்களோடு ஒத்துத்தான் இருந்தன. எண்ணில் சமநிலை இருந்தது. ஈடு இல்லை.

2008இன் நான்காம் பதிப்பு சமநிலையை நோக்கி இன்னும் தொலைவு போனது. எல்லா வகுப்புக்கும் ஒரே அமைப்பு: விரும்பியபோதெல்லாம் செய்யக்கூடியவை, மோதலுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை. சமநிலை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. வகுப்புகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன என்று பல ஆட்டக்காரர்கள் குறைப்பட்டதும் அதனால்தான். ஆனால் அதே பதிப்பில் ஒரு சிறு விதியை நான் மிகவும் மதிக்கிறேன். வீரர் ஒரு பகைவனைக் குறிவைத்தால், அந்தப் பகைவன் வேறு யாரைத் தாக்கினாலும் அவன் தாக்குதலில் 2 குறையும். வீரரின் பக்கத்திலேயே நின்றுகொண்டு அப்படிச் செய்தால் உடனே அடியும் விழும். மந்திரவாதி எவ்வளவு ஓதினாலும் அந்தக் காவலை இப்படித் தர முடியாது. சமநிலைக்காகவே எழுதப்பட்ட ஏட்டில் ஈட்டை நன்றாகப் பிடித்த இடம் அது.

இன்னொரு சான்று, எனக்கு மிக வலுவாகத் தோன்றுவது: 1987இல் ஜொனாதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹேகனும் உருவாக்கிய ஆர்ஸ் மாஜிகா. அதில் மந்திரவாதிகள் மற்ற எல்லாரையும்விட வலியவர்கள். அதை அந்த ஆட்டம் மறைப்பதில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு மந்திரவாதியையும் ஒரு துணைவரையும் வைத்துக்கொள்வார், காவலாட்கள் எல்லாருக்கும் பொது. இந்தக் கதையில் நான் மந்திரவாதி, அடுத்த கதையில் நீங்கள். பாத்திரங்களுக்குள் சமநிலை துளியும் இல்லை. மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களுக்குள் ஈடு முழுமையாக இருக்கிறது. எனவே 'பாத்திர ஈடு', 'ஆட்டக்காரர் ஈடு' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்ல வசதி வேண்டும். சமநிலையை வைத்து இப்படிப் பிரித்தால் கேட்பவருக்குக் குழப்பமே மிஞ்சும்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

நண்பர்களுக்கு மீண்டும்,

மறுமொழிகளுக்கு நன்றி. மூன்று தடைகள் வந்துள்ளன.

'ஈடு என்றால் அடகுப் பொருள் அல்லவா?' ஆம், அந்தப் பொருளும் உண்டு. ஆனால் அடகிலும் கருத்து இதுவே: வாங்கிய ஒன்றுக்கு மாற்றாக வேறு தன்மையுடைய ஒன்றை வைப்பது. இழப்பீட்டிலும் அப்படியே. இந்தக் கிளைப்பொருள்கள் என் முன்மொழிவுக்கு வலு சேர்க்கின்றன.

இரண்டாவது தடை கனமானது. ஈடு குலைந்ததை 'ஈடின்மை' என்று எழுதினால், 'ஈடில்லாத' என்பது புகழ்ச்சியாயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். முற்றிலும் சரி. ஈடில்லாத மந்திரவாதி என்றால் ஒப்பற்றவர் என்றே வாசகர் கொள்வார். இதை நான் யோசிக்கவில்லை. ஆகவே ஈடின்மையைக் கைவிடுகிறேன். 'ஈடுகுலைவு' என்று வைத்துக்கொள்வோம். விதி வகுப்பவர் செய்யும் வேலைக்கு 'ஈடுபடுத்துதல்' ஆகாது, அது வேறு பொருளில் ஊறிவிட்டது. 'ஈடாக்குதல்', பெயராக 'ஈடாக்கம்'.

மூன்றாவது, வீரர் நேர்கோட்டில் வளர்கிறார், மந்திரவாதி இருபடியாக வளர்கிறார் என்ற புகழ்பெற்ற வழக்கை எப்படிச் சொல்வது என்ற கேள்வி. 'இருபடி' கணக்கில் சரியான சொல்தான். நமக்கோ அது ஆபத்து. பாத்திரத்தின் உயர்வுக்கு 'நிலை' என்றும் மந்திரத்தின் உயர்வுக்குப் 'படி' என்றும் முன்பே பிரித்துக்கொண்டோம். இரண்டாம் படி மந்திரமும் இருபடி வளர்ச்சியும் ஒரே பக்கத்தில் வந்தால் வாசகர் திணறுவார். 'கூட்டல் வளர்ச்சி', 'பெருக்கல் வளர்ச்சி' என்று எழுதலாம். மூன்றாம் பதிப்பின் வீரருக்கு நிலைக்கு ஒன்றாகத் தாக்குதல் எண் கூடும். 6, 11, 16ஆம் நிலைகளில் கூடுதலாக ஒரு வீச்சு. இது கூட்டல். மந்திரவாதிக்கோ மந்திரங்களின் எண்ணிக்கை ஏறுகிறது, படி ஏறுகிறது, பழைய நெருப்புருண்டையும் பத்தாம் நிலைவரை நிலைக்கு ஒரு பகடை என்று தானே பெருக்கிறது. ஒன்றை ஒன்று பெருக்குகிறது.

மந்திரம் ஓதும் வாய்ப்புகளைக் குறிக்க 'மந்திரத் துளை' என்று வந்ததை ஏற்க முடியவில்லை. 'கையிருப்பு' என்றால் எல்லாருக்கும் புரியும். ஐந்தாம் பதிப்பில் 20ஆம் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளுக்கான கையிருப்பு 22. ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014இன் கையேடு ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு மோதல்களை எதிர்பார்க்கிறது; அந்தக் கணக்கில் கையிருப்பைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும், களைக்காத வீரருக்கு மதிப்பு வரும். நாளுக்கு ஒரே மோதல் என்று நடத்தினால் 22ஐயும் ஒரே இடத்தில் கொட்டிவிடலாம்.

இந்த இடத்தின் மொழிபெயர்ப்பில்தான் சொற்களைச் சோதித்தேன். முதல் வரைவு: 'நாளுக்கு ஒரு மோதல் மட்டும் நடக்கும் ஆட்டங்களில் வகுப்புகளின் சமநிலை பாதிக்கப்படும்.' இப்போது: 'நாளுக்கு ஒரு மோதல் மட்டும் நடந்தால் மந்திரவாதியின் கையிருப்புக்கு வீரரால் ஈடுகொடுக்க முடியாது.' இரண்டாவதில் யாருக்கு என்ன நேர்கிறது என்பது தெரிகிறது. இதே வாக்கியத்தில் வேறொரு சொல் இதைவிட நன்றாக அமைந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.