மாநிலமே ஆகாத இடம் தனக்கு அரசியலமைப்பு எழுதுவது எப்படி?

வைகைக்கரை வாத்தியார்:

வணக்கம். குரூப் 1 பயிற்சி மையத்தில் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். புதிய மாநிலங்களை அமைப்பது பற்றிய பிரிவு 3 நடத்தும்போது அருணாசலப் பிரதேசத்தை உதாரணமாகச் சொன்னேன். வடகிழக்கு எல்லைப்புற முகமையாக இருந்தது, 1972இல் யூனியன் பிரதேசம் ஆனது, 1987 பிப்ரவரி 20இல் மாநிலம். நாடாளுமன்றம் சட்டம் போட்டது, வேலை முடிந்தது.

ஒரு மாணவி எழுந்தார். "சார், அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு உண்டு என்கிறார்கள். அங்கே எல்லைப்புறமாகக் கிடந்த இடம் மாநிலம் ஆகும்போது அதை யார் எழுதுவது? மாநிலம் ஆவதற்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் எழுதுகிற அதிகாரம் யார் கொடுத்தது?"

புத்தகங்களில் அமெரிக்காவின் 1787 வடமேற்குச் சட்டம் பற்றி நாலு வரிதான் இருக்கிறது: முதலில் ஆளுநரும் மூன்று நீதிபதிகளும், வயது வந்த ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் சட்டமன்றம், 60,000 பேர் ஆனதும் மாநிலம். படிக்கட்டு மாதிரி அழகாக இருக்கிறது. நிஜத்தில் அப்படித்தான் நடந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திண்ணை வக்கீல்:

சட்டம் என்று பார்த்தால் சின்ன விஷயம்தான். அமெரிக்க அரசியலமைப்பின் நாலாவது ஷரத்து, மூன்றாவது பிரிவு: புதிய மாநிலங்களைக் காங்கிரஸ் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கும் முறை பற்றி அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்தது. காங்கிரஸ் முதலில் ஓர் அனுமதிச் சட்டம் போடும். பிரதேசத்து (இன்னும் மாநிலம் ஆகாமல் மத்திய அரசின் கீழ் இருக்கும் இடம்) மக்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் கூடி அரசியலமைப்பு எழுதுவார்கள், மக்கள் வாக்களிப்பார்கள், காங்கிரஸ் ஏற்கும், ஜனாதிபதி பிரகடனம் செய்வார்.

அந்த 60,000 கணக்கை ரொம்ப நம்பாதீர்கள். 1860 கணக்கெடுப்பில் நெவாடாவில் ஏழாயிரம் பேர்கூட இல்லை. நாலே வருடத்தில், 1864 அக்டோபர் 31இல், மாநிலம். லிங்கனுக்கு எட்டு நாளில் தேர்தல். அவசரத்தில் அரசியலமைப்பு முழுவதையும் தந்தியில் அனுப்பினார்கள், செலவு 4,300 டாலருக்கு மேல். அதே நேரம் நியூ மெக்சிகோ 1850இல் பிரதேசமாகி 1912 வரை காத்துக் கிடந்தது. ஆள் கணக்கு ஒரு சாக்கு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் கிடைக்கும் இரண்டு செனட் (மேலவை) இடங்கள் வாஷிங்டனில் யாருக்குத் தேவை என்பதுதான் கணக்கு.

பனியூர் நாகைக்காரி:

சார், நான் நாகப்பட்டினத்துக்காரி. இப்போது அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸில் இருக்கிறேன். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நீங்கள் கேட்கிற சங்கதி நடந்த கட்டடம் எங்கள் வளாகத்திலேயே நிற்கிறது. அதனால் அலாஸ்காவை வைத்தே சொல்கிறேன். (காங்கிரஸ் என்று எழுதுவதெல்லாம் வாஷிங்டன் நாடாளுமன்றம். சத்தியமூர்த்தி பவனை நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

உங்கள் மாணவிக்கு நேர் பதில்: முன்னால்தான். எழுதி, மக்களிடம் வாக்கு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் காங்கிரஸிடம் போக வேண்டும். அலாஸ்கா இன்னும் ஒரு படி மேலே போனது. அனுமதிச் சட்டத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

1867இல் ரஷ்யாவிடம் 72 லட்சம் டாலருக்கு வாங்கிய இடம் இது. 1912இல் முறையான பிரதேசம் என்ற தகுதியும் சட்டமன்றமும் கிடைத்தன. ஆனால் ஆளுநரை அனுப்புவது ஜனாதிபதி. வாஷிங்டனில் ஒரே ஒரு பிரதிநிதி, அவர் பேசலாம், வாக்களிக்க முடியாது. ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு கிடையாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். பொறுக்க முடியாமல் போனது மீன்.

1912 சட்டம் மீன், வேட்டை விலங்கு இரண்டையும் உள்ளூர் சட்டமன்றத்தின் கைக்குக் கொடுக்கவில்லை. சால்மன் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் வழியில் கம்பம் நட்டு, வலை கட்டி, மொத்தக் கூட்டத்தையும் ஒரு கூண்டுக்குள் திருப்பிவிடும் பொறிகளை வைத்திருந்தார்கள். பெரும்பாலும் சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ பக்கத்து டின் மீன் கம்பெனிகளுடையவை. படகு போட்டுப் பிடிக்கிற உள்ளூர்க்காரன் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எங்கள் ஊரில் சுருக்குமடி வலையைப் பற்றி நாட்டுப்படகுக்காரர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான், அந்தக் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பொறிகளை ஒழிக்க வேண்டும் என்று 1948இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அமோகமாக வாக்களித்தார்கள். வாஷிங்டன் அசையவில்லை. தடை செய்யும் அதிகாரம் இங்கே யாரிடமும் இல்லை.

1955 நவம்பர் 8இல் மாநாடு கூடியது. தலைநகர் ஜூனோவில் கூட்டியிருந்தால் கம்பெனி ஆட்கள் வராந்தாவிலேயே நிற்பார்கள் என்று, வேண்டுமென்றே ஃபேர்பேங்க்ஸ் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில், அப்போது புதிதாகக் கட்டியிருந்த மாணவர் மன்றக் கட்டடத்தில் கூட்டினார்கள். நியூ ஜெர்சி 1947இல் இதே மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து எழுதியதைப் பார்த்து வந்த யோசனை. 55 பேர், அதில் ஆறு பெண்கள். பிலடெல்பியாவில் 1787இல் கூடியவர்களும் 55 பேர் என்பதால் அந்த எண். தலைவர் பில் ஈகன், வால்டீஸ் என்ற துறைமுக ஊரில் கடை வைத்திருந்தவர். ஃபேர்பேங்க்ஸ் குளிர்காலத்தில் மூன்று மாதம், சார். நான் இங்கே வந்த முதல் டிசம்பரில் கார் ஏறுவதற்குள் மூக்குக்குள் ஈரம் உறைந்துபோனது. இடையில் விடுமுறை விட்டு, ஆளாளுக்குத் தங்கள் ஊருக்குப் போய் வரைவைப் பற்றி ஜனங்களிடம் கேட்டுவிட்டு வந்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எட்டாவது ஷரத்தைப் படித்துப் பாருங்கள். இயற்கை நிலையில் இருக்கும் மீன், காட்டுயிர், நீர் எல்லாம் மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை, குறையாமல் நீடித்து விளையும்படி பராமரிக்க வேண்டும். அதோடு மீன்பொறித் தடையைத் தனி வாக்கெடுப்பாக வைத்தார்கள். 1956 ஏப்ரல் 24இல் மக்கள் வாக்களித்தபோது அரசியலமைப்பு இரண்டுக்கு ஒன்று என்பதைவிடக் கூடுதலாகவே ஜெயித்தது. பொறித் தடைக்கு அதையும்விட அதிக ஆதரவு!

என் கணிப்பு இதுதான்: எல்லைப்புறத்து அரசியலமைப்பை அது பிரதேசமாக இருந்த காலத்தின் புகார் மனுவாகப் படித்தால் சட்டென்று புரியும். வடமேற்குப் பிரதேசத்து ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர் சட்டமன்றம் போட்ட சட்டங்களை வீட்டோ செய்துகொண்டே இருந்தார். அங்கிருந்து பிரிந்த ஒஹையோ 1802இல் சிலிகாத்தியில் கூடி எழுதியபோது தன் ஆளுநருக்கு வீட்டோவே கொடுக்கவில்லை. அது 1903 வரை இல்லை. அலாஸ்காவில் நோய் வேறு, மருந்தும் வேறு. இங்கே அதிகாரம் வாரியம் வாரியமாகச் சிதறிக் கிடந்தது, யாரைக் கேட்பது என்றே தெரியாது. அதனால் பலமான ஆளுநரை வைத்தார்கள்.

சரி, எழுதியாயிற்று, காங்கிரஸ் கண்டுகொள்ளவில்லை என்றால்? டென்னசி 1796இல் செய்த வேலையை எடுத்தார்கள்: கேட்காமலே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுவது. 1956 அக்டோபரில் ஈகனையும் முன்னாள் ஆளுநர் எர்னஸ்ட் குருனிங்கையும் செனட்டர்களாக, ரால்ஃப் ரிவர்ஸைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். போனார்கள். மாடத்தில் உட்கார வைத்து மரியாதை செய்தார்கள், அவைக்குள் இடம் தரவில்லை. அலாஸ்கா வந்தால் கறுப்பின மக்களின் உரிமைக்கு ஆதரவாக இரண்டு செனட் வாக்கு கூடுமே என்று தெற்கத்தி ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குப் பயம். ஜனநாயகக் கட்சிக்கு இரண்டு இடம் போகுமே என்று குடியரசுக் கட்சிக்குப் பயம். 1958 மே மாதம் கீழவையில் 210க்கு 166, ஜூன் 30இல் செனட்டில் 64க்கு 20. ஜூலை 7இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்து. ஆகஸ்டில் இங்கே மறுபடி வாக்கெடுப்பு. 1959 ஜனவரி 3இல் மாநிலம்.

கரிசல்:

அக்கா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "மக்கள், மக்கள்" என்று சொல்கிறீர்களே, எந்த மக்கள்? அந்த 55 பேரில் பூர்வகுடி ஒரே ஒருவர், ஃபிராங்க் பெரட்ரோவிச், ட்லிங்கிட் இனத்தவர். வாக்களிக்க 19 வயது போதும் என்று தாராளமாக எழுதியவர்கள், கூடவே ஆங்கிலம் படிக்கவோ பேசவோ தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். யூபிக் என்ற பூர்வகுடி மொழி மட்டுமே பேசுகிற பாட்டி என்ன செய்வார்? 1970இல்தான் அதை நீக்கினார்கள். எல்லைப்புறம் என்பதே வந்தேறிகளின் கண்ணில்தானே, அங்கே இருந்தவர்களுக்கு அது வீடு.

பனியூர் நாகைக்காரி:

தம்பி, இதில் உங்களோடு சண்டை இல்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் அந்த விவகாரம் மாநிலத்தையே நிறுத்தி வைத்தது.

நிலத்தில் பெரும்பங்கு மத்திய அரசிடம் இருந்ததால், மாநிலம் தன் காலில் நிற்க ஏதாவது வேண்டுமே என்று 1958 சட்டம் சுமார் 10 கோடி ஏக்கரை மாநிலமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றது. 25 வருட அவகாசம். கனிமத்தை விற்க முடியாது, குத்தகைக்கு மட்டும் விடலாம். அதே சட்டத்தின் நாலாம் பிரிவில், பூர்வகுடிகளின் நிலத்தில் மாநிலம் உரிமை கோராது என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எது அவர்கள் நிலம் என்று மட்டும் யாரும் வரையறுக்கவில்லை. மாநிலம் நிலத்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் கிராமம் கிராமமாக ஆட்சேபம். 1966இல் உள்துறைச் செயலர் (இங்கே மத்திய அரசு நிலங்களைக் கவனிக்கிற அமைச்சர்) ஸ்டூவர்ட் யூடால் நில மாற்றத்தையே முடக்கிவிட்டார். 1968இல் ப்ரூடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெய்க் குழாய் போட வேண்டும், நிலம் யாருடையது என்றே முடிவாகவில்லை. அப்புறம்தான் எல்லோருக்கும் அவசரம் வந்தது. 1971இல் தீர்வுச் சட்டம்: 4.4 கோடி ஏக்கர், 96 கோடி டாலருக்கு மேல் பணம். அதையும் இனக்குழு அரசுகளிடம் கொடுக்காமல் கம்பெனிகள் உருவாக்கி அவற்றின் கையில் கொடுத்தார்கள். அது சரியா என்று இங்கே இன்னும் சூடாகப் பேசுகிறார்கள். என் அலுவலகத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், மதியச் சாப்பாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் சாப்பாடு ஆறிவிடும்.

வைகைக்கரை வாத்தியார்:

மேடம், மிக்க நன்றி. வகுப்புக்கு இது போதும், எனக்குத்தான் போதவில்லை. இரண்டு சந்தேகம். அரசியலமைப்பு எழுதிவிட்டால் மாநிலம் ஆகிவிடலாம் என்று அர்த்தமா? இன்னொன்று, எழுதியதில் ஒரு வரி பிடிக்கவில்லை என்று காங்கிரஸோ ஜனாதிபதியோ மாற்றச் சொன்னால் மாநிலம் அடங்கிப் போக வேண்டியதுதானா?

திண்ணை வக்கீல்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். இல்லை. கரீபியனில் அமெரிக்காவின் கீழ் இருக்கும் தீவான போர்ட்டோ ரிக்கோவின் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியலமைப்பு 1952இல் அமலுக்கு வந்தது. அதிலும் வேலை, உணவு, வீடு போன்ற உரிமைகளைச் சொன்ன ஒரு பிரிவைக் காங்கிரஸ் வெட்டிவிட்டுத்தான் அனுமதித்தது. இன்றுவரை மாநிலம் இல்லை.

பனியூர் நாகைக்காரி:

இரண்டாவதுக்கு அரிசோனாதான் பதில், சிரிப்பும் வரும். 1910 டிசம்பரில் ஃபீனிக்ஸில் எழுதி முடித்த அரசியலமைப்பில், நீதிபதிகள் உட்பட எந்தத் தேர்ந்தெடுத்த பதவிக்காரரையும் மக்கள் வாக்களித்துத் திரும்ப அழைக்கலாம் என்று வைத்தார்கள். ஜனாதிபதி டாஃப்ட் முன்பு நீதிபதியாக இருந்தவர். நீதிபதியை எப்படித் திரும்ப அழைப்பீர்கள் என்று 1911 ஆகஸ்டில் வீட்டோ செய்தார். அரிசோனாக்காரர்கள் "ஆகட்டும்" என்று நீதிபதிகளை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 1912 பிப்ரவரி 14இல் மாநிலம் ஆனது. அதே வருடம் நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி நீதிபதிகளைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். டாஃப்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த நவம்பரில் அவரே தேர்தலில் தோற்றார்.

ஓக்லஹோமாவும் அப்படித்தான். 1913 வரை தலைநகரம் கத்ரியில்தான் இருக்க வேண்டும் என்று 1906 அனுமதிச் சட்டத்தில் நிபந்தனை. மாநிலமும் சரி என்று ஒப்புக்கொண்டது. 1910இலேயே ஓக்லஹோமா சிட்டிக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கோய்ல் எதிர் ஸ்மித், 1911. பழைய மாநிலங்கள் தங்கள் தலைநகரத்தைத் தாங்களே முடிவு செய்யலாம் என்றால் புது மாநிலத்துக்கும் அந்த உரிமை உண்டு, சேர்க்கும்போது போட்ட நிபந்தனையால் அதைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பு. ஆனால் எல்லா நிபந்தனையையும் இப்படி உதறிவிட முடியாது. நிலம், கனிமம் போல மத்திய அரசு தன் சொத்தைக் கொடுக்கும்போது போடுகிற கட்டு நிற்கும். அலாஸ்காவின் கனிமக் குத்தகை விதி அந்த வகை. உங்கள் மாணவி அடுத்து அதைத்தான் கேட்பார், தயாராகப் போங்கள் சார்.