நெட்டைக் கழற்றி ஸ்டோரில் போட்ட பிறகு

ஐந்தாம் நம்பர் ஜேர்சி:

ஹட்டன் பக்கம் பஸ்ஸில் போனால் அந்தப் பாடசாலையின் கிரவுண்ட் ரோட்டிலிருந்தே தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்தின் பெயரிலேயே 'கல்லூரி' என்று இருக்கும். ஆறாம் தரத்திலிருந்து உயர்தரம் வரை எல்லாம் அதற்குள்தான். அந்தக் கல்லூரியின் பெண்கள் கரப்பந்தாட்ட டீமில் மூன்று வருஷம் விளையாடினேன். செட்டர், அடிக்கிறவளுக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவள்.

கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. மலையகத்தில் அது பிடித்துப்போனதற்குக் காரணம் அது இல்லை. எங்களுக்குச் சமதரை கிடைப்பதே அபூர்வம். பதினெட்டு மீற்றர் நீளம், ஒன்பது மீற்றர் அகலத்துக்குத் தட்டையான மண், இரண்டு கம்பம், ஒரு நெட், ஒரு பந்து. இவ்வளவு இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடலாம். பந்து தேயிலைக்குள் உருண்டால் எடுக்கப் போகிறவள் அட்டைக் கடியோடுதான் திரும்புவாள், அது வேறு கதை.

எங்களைப் பழக்கியவர் ஆசிரியர் இல்லை. வெளியிலிருந்து வந்தவர். பழைய மாணவர் சங்கம் மாதாமாதம் ஏதோ கொடுத்தது. அவர் நன்றாகப் பழக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை பாதிப் பொய்யாகிவிடும். வலய மட்டத்தில் முதல் சுற்றோடு திரும்பிக்கொண்டிருந்த டீம், இரண்டே வருஷத்தில் மாகாணத்தில் இரண்டாம் இடம் வந்தது. அதன் பிறகு அவர் சொன்னதுதான் சட்டம். அதிபர்கூட அவரிடம் கேட்டுத்தான் நேரசூசியை மாற்றுவார்.

பயிற்சி முடிய ஐந்தரை ஆகும். பந்துகளை எண்ணி ஸ்போர்ட்ஸ் ரூமில் வைக்க ஒருத்தியை மட்டும் நிற்கச் சொல்வார். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. யாரை நிறுத்தினாலும் இன்னொருத்தி 'தண்ணிப் போத்தலை மறந்துட்டேன் சேர்' என்று திரும்பிப் போவாள். இதைப் பற்றி நாங்கள் கூடிப் பேசியதே இல்லை, தானாக வந்த பழக்கம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட காவல். ஒருநாள் நல்ல மழை. பஸ் போய்விடுமே என்று எல்லோரும் ஓடிவிட்டோம். போத்தலை மறக்க யாரும் இல்லை.

அங்கே நடந்ததை எழுதப் போவதில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போனார். 'விசாரிச்சு முடிவு சொல்றேன், வெளியில பேச வேண்டாம், பாடசாலை பேரு இருக்கு' என்று பதில் வந்தது. ஒரு வாரத்தில் சேர் வருவது நின்றது. சுகமில்லையாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரோ நெட்டைக் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அறிவித்தார்கள்: பாதுகாப்புக் கருதிப் பெண்பிள்ளைகளின் பயிற்சி நிறுத்தப்படுகிறது. பையன்களின் ஃபுட்போல் அன்று பின்னேரமும் நடந்தது.

ஆசிரியராக இருந்திருந்தால் ஒரு கோப்பிலாவது எழுதியிருப்பார்கள். வெளி ஆளுக்குக் கோப்பே கிடையாது. அடுத்த வருஷம் வலயப் போட்டி பார்க்கப் போன ஒருத்தி வந்து சொன்னாள், அவர் வேறொரு பாடசாலை டீமோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம், கழுத்தில் விசிலோடு.

எங்களுக்கு நடந்ததையும் கேளுங்கள். பன்னிரண்டு பேரில் இரண்டு பேரைப் படிப்பை விட்டே நிறுத்தினார்கள். ஒருத்திக்கு அவசரமாகக் கல்யாணம். என் அப்பா டியூஷனையும் நிறுத்தினார். டவுனில் துணி வாங்கப் போனால், 'அந்த டீம்ல இருந்த பிள்ளைதானே?' என்று விசாரிப்பு. இன்னொரு பாடசாலைக்கு மாறலாம் என்று விடுகைப் பத்திரம் கேட்டேன். 'எதுக்கு மாறுறே, உனக்கும் ஏதாவது நடந்துச்சா?' என்று கந்தோரில் நாலு பேர் முன்னால் கேட்டார்கள். அதோடு நானும் வாயை மூடிக்கொண்டேன். சொன்னவளை வத்தளையில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உயர்தரம் எழுதவே இல்லை.

பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய 1929 என்ற டெலிபோன் நம்பர் எங்கள் பாடசாலைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது என்று வினாடி வினாப் போட்டிக்கு மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருக்கிறேன். அழைக்கத் தோன்றவில்லை. பெரியவர்களுக்கும் தோன்றவில்லை.

உங்கள் ஊரில் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். அந்த ஆள் செய்ததை விவரிக்க வேண்டாம். அதற்குப் பிறகு டீமுக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

கீழ்க்கணக்கு மாமா:

மகளே, நான் எழுதுவது உனக்குப் பிடிக்காமல் போகலாம். எங்கள் பாடசாலையிலும் இப்படி ஒன்று வந்தது. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், பெண்பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தச் சொல்லிக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தன்.

எங்கள் நிலைமையையும் பார். நானும் வீட்டுக்காரியும் காலையில் பிரட்டுக்கு, அதுதான் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க, போனால் கொழுந்து நிறுத்துவிட்டு வரப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று பார்க்க லயத்தில் ஒரு கிழவிதான் இருக்கிறது, அதற்கும் கண் தெரியாது. கூட்டத்தில் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: பயிற்சி வேண்டுமா, வேண்டாமா? அந்த ஆளைப் பொலிசில் கொடுப்போமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் மகள் ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினாள். இப்போது அவளுக்கே ஒரு பெண்பிள்ளை இருக்கிறது. நாளைக்கே அதே கூட்டம் வைத்தால் கையைக் கீழே வைத்துக்கொண்டிருப்பேனா? சத்தியமாக உறுதி சொல்ல முடியவில்லை, பயம் அப்படி.

ஊவாக்காரன்:

எங்கள் கதை நேர் எதிர். பதுளைப் பக்கம், பையன்கள் ஃபுட்போல். டீமை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தவே மாட்டார்கள், அந்த வருஷம் கப் எங்களிடம் இருந்தது.

ஒரு பையன் அவன் வகுப்பாசிரியையிடம் சொன்னான். அந்த டீச்சர் நல்லவர், மேலே கொண்டுபோனார். மேலே இருந்தவர் சிரித்தாராம்: 'ஆம்பளப் பையனுக்கு என்ன ஆயிடும்?' தண்டனைச் சட்டக்கோவையை 1995இல் திருத்தியபோது கொண்டுவந்த பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றத்தில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை. இது எனக்கு முப்பது வயதில்தான் தெரியும். சிரித்தவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பையனைத்தான் டீமிலிருந்து எடுத்தார்கள். 'குழப்புறவன்' என்று பட்டப் பெயரும் வைத்தார்கள். வைத்தவர்களில் நானும் உண்டு. கோல் கீப்பராக அவன் இடத்துக்கு வந்தவனே நான்தான். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பனிமூட்டம்:

அக்கா, நான் தலவாக்கலைப் பிள்ளை. படிப்புக்காக அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் சில வருஷம் இருந்தேன். பென் ஸ்டேட் பல்கலைக்கழக விஷயம் அங்கே இப்போதும் ஆறாத புண். நீங்கள் டீமுக்கு என்ன ஆனது என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ஜெர்ரி சான்டஸ்கி என்பவர் அந்தப் பல்கலைக்கழக ஃபுட்போல் டீமின் துணைப் பயிற்றுநராக இருந்து 1999இல் ஓய்வு பெற்றவர். அவர்கள் ஃபுட்போல் என்பது நம்முடையது இல்லை, கையால் தூக்கிக்கொண்டு ஓடுவது. வசதியில்லாத பிள்ளைகளுக்கென்று அவரே ஒரு தொண்டு நிறுவனம் வைத்திருந்தார். அந்தப் பிள்ளைகள்தான் பலியானார்கள். 2001இல் டீமின் உதவியாளர் ஒருவர் கண்ணால் கண்டதைத் தலைமைப் பயிற்றுநர் ஜோ பட்டர்னோவிடம் சொன்னார். அவர் தன் மேலதிகாரிகளிடம் சொன்னார். அங்கிருந்து பொலிசுக்குப் போகவில்லை. பத்து வருஷம். 2011 நவம்பரில்தான் கைது. 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு, பிறகு 30 முதல் 60 வருஷம் வரை சிறை.

பட்டர்னோவை 2011 நவம்பரில் பதவி நீக்கிய இரவில் மாணவர்கள் ரோட்டில் இறங்கி ஒரு டிவி வேனைக் கவிழ்த்தார்கள். எதற்காக? பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இல்லை, கோச்சுக்காக. 'பாடசாலை பேரு இருக்கு' என்று உங்கள் அதிபர் சொன்னது எனக்கு அந்த வேனைத்தான் ஞாபகப்படுத்தியது.

2012 ஜூலையில் அங்கே பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பு தண்டனை அறிவித்தது. 60 மில்லியன் டொலர் அபராதம். நாலு வருஷம் பருவ இறுதியின் பெரிய ஆட்டங்களுக்குத் தடை. புலமைப்பரிசில்கள் குறைப்பு. 1998 முதல் 2011 வரையான 112 வெற்றிகள் கணக்கிலிருந்து அழிப்பு. அப்போது டீமில் இருந்த பையன்கள் 1998இல் சின்னக் குழந்தைகள்! ஆனால் ஒன்று செய்தார்கள். போக விரும்புகிறவர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே வருஷம் விளையாடலாம், வழக்கம்போல ஒரு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். சிலர் போனார்கள். நின்றவர்கள் அந்தப் பருவத்தில் எட்டு ஆட்டம் வென்றார்கள். கிண்ணம் எதுவும் இல்லாத அந்த 2012ஐ ஸ்டேடியச் சுவரில் சாம்பியன் வருஷங்களோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

2014இல் தடையை நீக்கினார்கள். 2015 ஜனவரியில் இந்தத் தண்டனை தொடர்பான வழக்கு சமரசமாகி வெற்றிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள். வெற்றி திரும்பி வந்ததைக் கொண்டாடியதைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதே அளவு கைதட்டல் கேட்டதாக ஞாபகம் இல்லை. பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் பிள்ளைகளை ஆபத்தில் விட்ட குற்றத்துக்கு இரண்டு மாதம் ஜெயிலுக்குப் போனது 2021இல்தான்.

ஐந்தாம் நம்பர் ஜேர்சி:

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்குப் பொறாமை வந்த இடம் ஒன்று உண்டு. 60 மில்லியன் இல்லை. வேறு இடத்துக்குப் போய் விளையாடலாம் என்று கதவைத் திறந்தார்களே, அது. எங்களுக்கு விடுகைப் பத்திரமே கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பையன்களின் தண்டனையும் நியாயம் என்று எனக்குப் படவில்லை. மேலே வாயை மூடியிருந்தவர்கள் கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுத்தார்கள், பையன்களுக்கு மட்டும் அன்றைக்கே நடைமுறை.

மாமா, கோபம் இல்லை. உங்களிடம் கேட்ட கேள்வியே பிழை. ஊவாக்காரன் தம்பி, அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் போய்ப் பாருங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

நான் இப்போது ஒரு பாடசாலையில் உடற்கல்வி டீச்சர். பெண்கள் டீம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் ரூம் கதவைக் கழற்றிவிட்டோம், பந்துகளைக் கந்தோர் அலுமாரியில் வைக்கிறோம். நாலே காலுக்குப் பயிற்சியை முடிக்கிறோம், அதனால் ஸ்பைக் பழக நேரம் போதவில்லை, தோற்கிறோம். வெளியூர் போட்டி என்றால் இரண்டு தாய்மார் கூட வருவார்கள், அவர்கள் அன்றைக்கு இழக்கும் நாள் சம்பளத்தை மற்றப் பெற்றோர் பிரித்துக் கொடுப்பார்கள். வெளியாள் யாராவது பழக்க வந்தால் முதலில் அடையாள அட்டைப் பிரதி, முன்பு பழக்கிய பாடசாலையின் கடிதம். ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

பனிமூட்டம்:

மாகாணத்தில் இரண்டாம் இடம் வந்தீர்களே அக்கா, அந்தச் சான்றிதழ்?

ஐந்தாம் நம்பர் ஜேர்சி:

அதை எங்களுக்குத் தரவே இல்லை. கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்கு அது இல்லாமல்தான் போனேன். போன வருஷம் ஒரு வேலையாக அந்தப் பாடசாலைக்குப் போனபோது கிளாக்கரிடம் கேட்டேன். புதியவர், அவருக்கு எதுவும் தெரியாது. அலுமாரியைக் கிளறி ஒரு பழுப்பு என்வலப்பை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டும் உள்ளே அப்படியே இருந்தன, மாகாணப் பணிமனை சீலோடு. ஓரங்களில் மட்டும் பூச்சி அரித்திருந்தது.

ஒன்பது பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஒருத்தி வெளிநாட்டில். வத்தளையில் இருக்கிறவளுக்குத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம், தீபாவளிக்கு வரும்போது கையிலேயே வாங்கிக்கொள்கிறாளாம்.