செம்பெயர்ச்சியா, அலைநீட்சியா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒளியின் அலைநீளம் புறப்பட்டபோது இருந்ததைவிட நீண்டு வந்து சேர்வதை ஆங்கிலத்தில் redshift என்பார்கள். அதற்கு அலைநீட்சி என்று நான் சொன்னதற்கு வந்த கேள்வி இது:

> செம்பெயர்ச்சி, சிவப்புப் பெயர்ச்சி என்று இரண்டு சொல் புழக்கத்தில் இருக்கும்போது மூன்றாவது எதற்கு?

ஐயா கேட்டது நியாயமான கேள்விதான். ஓடுகிற சொல்லைக் கலைப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பட்டை) சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். "சனிப்பெயர்ச்சி தெரியும் சார், இது செவ்வாய்ப் பெயர்ச்சியா?" என்று முதலில் ஒரு சிரிப்பு. அது அடங்கியதும், "அப்போ தூரத்து கேலக்ஸி எல்லாம் சிவப்பாத் தெரியுமா?" முதலாவது கேலி, விட்டுவிடலாம். இரண்டாவது தப்பு அந்தச் சொல்லிலிருந்தே பிறக்கிறது.

1963 பிப்ரவரியில் வானியலாளர் மார்டன் ஷ்மிட் 3சி 273 என்ற குவேசாரின் (மிகத் தொலைவில் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையம்) நிறமாலையை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டாரே, அதையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள சில அலைநீளங்களில் வரி போடும், ஆனால் இவை எந்தத் தனிமத்தின் வரிகள் என்றே அடையாளம் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் நமக்குப் பழகிய ஹைட்ரஜன்தான், எல்லா வரியும் ஏறத்தாழ 16 சதவீதம் நீண்டு போய் உட்கார்ந்திருந்தது. 486 நானோமீட்டரில் இருக்க வேண்டிய வரி (புடவைக் கடையில் மயில்கழுத்து என்பார்களே, கிட்டத்தட்ட அந்த நிறம்) 563க்குப் போய்க் கிளிப்பச்சை ஆகியிருந்தது. 434இல் இருந்த ஊதா வரி 503இல் பச்சையாக நின்றது. இதில் சிவப்பு எங்கே வந்தது?

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஹைட்ரஜனின் முதல் லைமன் வரி 121.6 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாத புறஊதா. பெயர்ச்சி அளவு 3 (அலைநீளத்தோடு அதன் மூன்று மடங்கு கூடுவது) உள்ள கேலக்ஸியிலிருந்து அது வந்தால் அலைநீளம் நான்கு மடங்காகி 486க்கு வந்து சேரும், அதாவது செம்பெயர்ச்சி அடைந்து நீலப்பச்சை ஆகும்! அதுவும் சரியாக அந்த மயில்கழுத்து வரி இருக்க வேண்டிய அதே இடத்தில். தற்செயல் இல்லை. லைமன் வரியின் ஆற்றல் 10.2 எலக்ட்ரான் வோல்ட் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு), அலை நான்கு மடங்கு நீண்டால் அது கால் பங்காகி 2.55, ஹைட்ரஜனில் எலக்ட்ரான் நான்காம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது வெளிவருவதும் அதே 2.55, அதுதான் மயில்கழுத்து வரி. நிறத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு இந்த இரண்டையும் பிரிக்க வழியே கிடையாது, பக்கத்தில் வேறு வரிகள் எந்த விகிதத்தில் நிற்கின்றன என்று பார்த்தால்தான் உண்டு.

எதிர்த்திசையிலும், அதாவது அலை குறுகும் நீலப்பெயர்ச்சியிலும், இதே கதைதான். பக்கத்து கேலக்ஸியான ஆன்ட்ரமீடா நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, அமெரிக்க வானியலாளர் ஸ்லைஃபர் 1912இலேயே அதன் வேகத்தை அளந்துவிட்டார். அந்த வேகத்தில் ஹைட்ரஜனின் 656.3 சிவப்பு வரி 655.6க்கு வரும். நீலப்பெயர்ச்சி அடைந்த வரி சிவப்பாகவே இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டு முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியுமா!

நிறம் என்பது கண்ணும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலை. டிவி திரையில் மஞ்சளாகத் தெரியும் இடத்தில் உண்மையில் சிவப்பும் பச்சையும்தான் எரிகின்றன, மஞ்சள் அலைநீளம் அங்கே இல்லை. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது நம் மதராஸ் மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும் மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் போக்சனும் நிறமாலைக் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று தெரிந்த மஞ்சள் வரியைச் சோடியம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மஞ்சளுக்கு மஞ்சள் சரிதானே? ஆனால் சோடியம் 589.0, 589.6. இதுவோ 587.6. ஒன்றரை நானோமீட்டர் வித்தியாசம், பார்த்த மாத்திரத்தில் நிற மாற்றமாகத் தெரியாது, ஆனால் அதற்குள்தான் ஹீலியம் ஒளிந்திருந்தது. அளவுதான் அதைப் பிடித்துக் கொடுத்தது.

அதனால் என் பரிந்துரை அலைநீட்சி. என்ன நடக்கிறதோ அதையே சொல்கிறது. ஆற்றல் கணக்கும் கூடவே வந்துவிடும்: 1240ஐ நானோமீட்டரால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும், 400க்கு 3.1, 700க்கு 1.77. அலை நீண்டால் ஆற்றல் குறையும் என்பதை மாணவர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கம்பியின் நீட்சியை ஏற்கெனவே படித்தவர்கள்தானே. அளவைச் சொல்ல நீட்சி விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம், 3சி 273இன் நீட்சி விகிதம் 0.158.

எதிர்ப்பதத்துக்கு ஒருவர் அலைச்சுருக்கம் என்றார், எனக்கு அலைக்குறுக்கம் மேல் என்று படுகிறது. ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று மாத்திரை குறைவதை நம் இலக்கணம் சொல்வதும் அப்படித்தான். (அப்படியானால் நீளுவதற்கு அளபெடை என்று வையுங்களேன் என்று விளையாட்டாக எழுதிய அக்காவுக்கு ஒரு கும்பிடு. ஒளியளபெடை! ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரும் உபயோகிக்க மாட்டார்கள்.)

> ஆங்கிலத்திலும் சிவப்பு என்றுதானே சொல்கிறார்கள், அவர்களுக்குக் குழப்பம் வரவில்லையா?

வருகிறது, பழகிவிட்டார்கள். அதோடு அவர்களுக்கு இல்லாத சிக்கல் ஒன்று நமக்கு உண்டு. நம் 'செம்' சிவப்போடு நிற்பதில்லை, செந்தமிழில் எந்தச் சிவப்பும் கிடையாது. இலங்கை நண்பர்களுக்கும் இது இடைஞ்சல் இல்லை என்று நினைக்கிறேன். அதிர்வெண்ணா மீடிறனா, ஆற்றலா சக்தியா என்று நாம் பிரிந்து நின்றாலும் அலைநீளம் இரு பக்கமும் அலைநீளம்தான்.

சரி, இதில் ஓட்டை ஒன்றும் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும் ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயரத்தில் காமாக் கதிரை வைத்து அளந்தார்களே, ஈர்ப்பினால் வரும் பெயர்ச்சி, அதை என்னவென்று சொல்வது? 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு நிறமே கிடையாது என்பதால் செம்பெயர்ச்சி அங்கே சுத்தமாகப் பொருந்தாது, அதுவரை என் கட்சி. ஆனால் 'ஈர்ப்பு அலைநீட்சி' என்று எழுதினால் ஈர்ப்பு அலை நீள்வதாகப் படித்துவிடுவார்கள், அது முற்றிலும் வேறு விஷயம். 'ஈர்ப்புவழி அலைநீட்சி' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. உங்களில் யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.