பர்மா போர்க்களத் தோள் பேட்ச்கள்: எந்தக் கையேட்டை வைத்துப் பார்ப்பது?

ட்ரங்க்பெட்டி:
ஏழு துணி பேட்ச் ஒரே லாட்டாக விலைக்கு வந்திருக்கிறது. எல்லாமே இரண்டாம் உலகப் போரின் 1943–45 பர்மா காலத்து அசல் என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார்.

1. கறுப்பில் சிவப்பு வட்டம்
2. கறுப்பில் தங்க நிற அம்பு
3, 4. பச்சையில் சீட்டுக்கட்டு ஸ்பேட் (இரண்டு, ஒன்றின் ஓரம் கயிறு மாதிரி தடித்த ஓவர்லாக்)
5. கறுப்புப் பூனை
6. நீல வட்டத்தில் மஞ்சள் சிங்கம் போல ஒன்று
7. கேடயம், மேலே சூரியனும் நட்சத்திரமும், கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள்

எது எந்தப் படைப்பிரிவு? நம்பிப் பார்க்கக்கூடிய கையேடு எது? இணையத்தில் கிடைத்த படத்தில் பூனை இடப்பக்கம் பார்க்கிறது, இதில் வலப்பக்கம். அப்படியென்றால் போலியா?

காக்கி:
முதலில் பெயர்கள். 1: 5வது இந்திய டிவிஷன், 'பால் ஆஃப் ஃபயர்'. 2: 7வது இந்திய டிவிஷன். 3, 4: 25வது, 1942இல் பெங்களூரில் உருவாக்கப்பட்டது. 5: 17வது, பூனைக்கு முன்பு அவர்களுடைய சின்னம் மின்னல் கீற்று. அதனால் மின்னல் போட்ட 17வது டிவிஷன் பேட்ச் வந்தால் தப்பென்று தள்ளிவிடாதீர்கள். 6: சிங்கம் இல்லை, பர்மாவின் கோயில் வாசல்களில் காவலுக்கு நிற்கும் சிந்தே. பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் படை, ஜப்பானியர் வரிசைக்குப் பின்னால் ஊடுருவிப் போரிட்டது. எதிரியைக் குழப்ப அதற்கு '3வது இந்திய டிவிஷன்' என்று காகிதத்தில் ஒரு பெயரும் இருந்தது. பட்டியலில் அப்படிப் பார்த்தாலும் இதே படைதான். 7: அமெரிக்கர்களுடைய சீனா–பர்மா–இந்தியா களம். சூரியன் சீனாவுக்கு, நட்சத்திரம் இந்தியாவுக்கு.

கையேடு என்றால் பிரிட்டிஷ், இந்தியப் படைகளுக்கு ஹோவார்டு கோல் எழுதிய 'ஹெரால்ட்ரி இன் வார்' தான் அடிப்படை. 1946இல் வந்தது. எந்தப் பிரிவு, என்ன சின்னம், ஏன் அந்தச் சின்னம் என்பதற்கு இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் இணையப் பட்டியல் போதும். அங்கே இருப்பது வரைபடம் இல்லை, நிஜத் துணியின் புகைப்படம். படத்தைப் பெரிதாக்கி நூலின் போக்கை உங்கள் பேட்ச்சோடு ஒப்பிடலாம். வரைந்த படத்தை வைத்துக்கொண்டு அது முடியாது.

பூனை விஷயத்தில் கவலை வேண்டாம். இவற்றை இரண்டு கையிலும் தைப்பார்கள். விலங்கு எந்தக் கையில் இருந்தாலும் முன்பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காக இடம், வலம் என்று ஜோடியாகச் செய்வது வழக்கம். கையேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். சிந்தேக்கும் இதே கதைதான். 7வது எண் வேறு: அமெரிக்கப் படையில் நடப்புப் பிரிவின் பேட்ச் இடது தோளில் ஒன்றுதான். அதற்கு ஜோடி தேடாதீர்கள்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. எந்தக் கையேடும் சின்னம் யாருடையது என்றுதான் சொல்லும், உங்கள் கையில் இருக்கும் துணியின் வயதைச் சொல்லாது. இந்த டிவிஷன் சின்னங்களில் பல 1947க்குப் பிறகும் தொடர்கின்றன. ஸ்பேட், பூனை, சிவப்பு வட்டம் மூன்றும் இன்றைய இந்திய ராணுவத்தில் உண்டு. தங்க அம்பு இந்தியாவிலும் இருக்கிறது, பாகிஸ்தானிலும் இருக்கிறது. ஆகவே விற்பவர் பொய் சொல்லாமலேயே தப்பாகச் சொல்லியிருக்கலாம். பேட்ச் அசல், காலம்தான் 1943 இல்லை.

நூல்கண்டு:
காக்கி சார் சொன்னதற்கு மேல், துணியை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். எப்போதும் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 10 மடங்கு லென்ஸ் ஒன்று, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று (புது நூல் அதில் மின்னக்கூடும்). 395 வேண்டாம், அதில் ஊதா வெளிச்சமே கண்ணுக்குத் தெரியும், எது மின்னுகிறது, எது வெறும் பிரதிபலிப்பு என்று பிரிக்க முடியாது.

தடித்த ஓவர்லாக் ஓரம் உள்ள ஸ்பேட்டை இப்போதே ஒதுக்கிவிடலாம். அந்த மெர்ரோ (ஓவர்லாக் இயந்திரப் பெயர்) வகை விளிம்பு ராணுவ பேட்ச்களில் பரவியது 1960களில்தான். போர்க்காலத்தில் ஓரம் வெட்டி மடித்தது, அல்லது வெட்டி அப்படியே விட்டது.

மற்றதில் நீங்கள் பார்க்கக்கூடியவை: கம்பளி ஃபெல்ட் மேல் ஃபெல்ட் வெட்டித் தைத்தது; முரட்டுப் பருத்தியில் அச்சிட்டது; இந்தியக் கடைவீதித் தையல்காரர் காக்கி ட்ரில் துணியில் சங்கிலித் தையல் போட்டது. கடைசி வகையில் கோடு கொஞ்சம் கோணும், ஒரு பூனையின் வால் இன்னொன்றைப் போல இருக்காது. அது குறையல்ல. சந்தேகப்பட வேண்டியது அச்சடித்தாற்போல ஒரே மாதிரி இருக்கும் ஜோடியைத்தான். நிரப்புத் தையல் செங்கல் அடுக்கியது போல சீராக ஓடி, பின்னால் மெல்லிய வெள்ளை நூலும் நெய்யாத பஞ்சுக் காகித பேக்கிங்கும் இருந்தால் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி.

பின்னால் பிரஸ் பட்டன் இருக்கிறதா பாருங்கள். காக்கிச் சட்டையை அடிக்கடி துவைக்க வேண்டியிருந்ததால் கழற்றி மாட்ட அப்படித் தைத்துக்கொண்டார்கள். பழைய பட்டனைச் சுற்றித் துணியில் துருக் கறை இறங்கியிருக்கும். பளபள பட்டனும் 'பழுத்த' துணியும் சேர்ந்து வந்தால் யோசியுங்கள்.

பழுப்பு நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒரு ராத்திரியில் எண்பது வயது ஏறிவிடும். ஓரத்து மடிப்பை ஊசி முனையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். வெயிலில் நிஜமாக வெளுத்தது என்றால் மடிப்புக்குள் ஒரு இழை அகலத்துக்குப் பழைய அடர்நிறம் அப்படியே இருக்கும். சாயம் போட்டதில் உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பு.

ட்ரங்க்பெட்டி:
மிக்க நன்றி. டார்ச் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது ஸ்பேட் முழுவதும் நீல வெள்ளையாக மின்னுகிறது. சிவப்பு வட்டம் சுத்தமாக மின்னவில்லை. அப்போது ஸ்பேட் இரண்டுமே போச்சா?

நூல்கண்டு:
அவசரம் வேண்டாம். இன்றைய சோப்புத் தூளில் பளிச்சிட வைக்கும் ரசாயனம் இருக்கிறது. பழைய பேட்ச்சை யாராவது துவைத்திருந்தால் அதுவும் மின்னும். சோப்பினால் வந்த மினுமினுப்பு துணி, நூல் எல்லாவற்றிலும் பரவி இருக்கும். நூல் மட்டும் கோடு கோடாக மின்னி, அடித்துணி இருட்டாக இருந்தால்தான் புது நூல் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். உங்களுடையது முழுவதும் மின்னுகிறது என்பதால் இந்தச் சோதனையை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. மின்னாததும் அசலுக்குச் சான்று இல்லை. பழைய பருத்தி நூலை வாங்கித் தைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த படி எரித்துப் பார்ப்பது. பின்பக்கத்தில் தொங்கும் நூலில் 3 மில்லிமீட்டர் போதும். காகிதம் எரியும் வாசனையோடு உதிரும் சாம்பல் வந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர், போர்க்காலம் இல்லை. உங்கள் சொந்தப் பொருளான பிறகு செய்யுங்கள், விற்பவர் கடையில் வைத்து வேண்டாம்.

காக்கி:
விலை பேசும்போது சிந்தேயைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். சிண்டிட் பெயருக்கே விலை ஏறும், அதனால் போலியும் அதில்தான் அதிகம். கேடயத்தில் சூரியக் கதிர் எண்ணிக்கை சரியில்லை என்று தள்ளாதீர்கள். முறைப்படி 12, ஆனால் இந்தியாவில் கையால் செய்த துணி, தோல், ஜரிகை வகைகளில் ஆளுக்கு ஒரு மாதிரி போட்டிருக்கிறார்கள்.

வாங்கினால் எதையும் நனைக்காதீர்கள். ஃபெல்ட்டின் சிவப்பு பக்கத்தில் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழி இல்லை. ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்ததாக இருந்தால் பசையையும் சுரண்ட வேண்டாம். பிவிசி உறையில் போட்டால் நாளாக ஆக ஒட்டிப் பிசுபிசுக்கும். பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள்.


ட்ரங்க்பெட்டி:
ஓவர்லாக் ஸ்பேட்டையும் சிந்தேயையும் விட்டுவிட்டு மற்ற ஐந்துக்கு விலை கேட்கிறேன். சிவப்பு வட்டத்தின் மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே கறுப்பு நல்ல அடர்த்தியாக இருக்கிறது.